ஆதாரில் இருக்கும் ஊர்

எங்கள் ஓ.பி. சீட்டில் பெயர், வயது, பாலினத்துக்கு அடுத்து 'ஊர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் ஆதார் அட்டையைப் பார்த்து அதை நிரப்புகிறார். காய்ச்சலோடு வந்தவர் முந்தாநாள்தான் மஸ்கட்டிலிருந்து திருச்சியில் வந்து இறங்கியிருப்பார். சீட்டில் திருவாடானை என்று இருக்கும். ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்து ஒரு வாரம்கூட ஆகாத கட்டிட வேலைக்காரருக்கு மேஸ்திரி தன் வீட்டு விலாசத்தையே கொடுத்திருப்பார். பிறகு நர்ஸ் பார்க்கிறார், டூட்டி டாக்டர் பார்க்கிறார், ரத்தம் எடுக்கும் பையன் பார்க்கிறான். "காய்ச்சல் எத்தனை நாளா?" என்று எல்லாரும் கேட்கிறோம். "எங்கயாவது போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்பவர் அபூர்வம்.

கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மருத்துவர்கள், செவிலியர்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு முதல் போட்டவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் இங்கே 'நாங்கள்' என்கிறேன். வெளியிலிருந்து ஒரு தொற்று வந்துவிட்டால், ஏர்போர்ட்டிலேயே பிடித்திருக்க வேண்டாமா என்று கேட்பது எங்களுக்குப் பழகிப்போன தப்பித்தல். அங்கே நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, அந்த நிமிடம் காய்ச்சல் அடிக்கிறவரைத்தான் காட்டும். எபோலாவின் நோயரும்பு காலம் 2 முதல் 21 நாள்வரை. மத்திய கிழக்கு சுவாச நோயான மெர்ஸுக்கு 14 நாள்வரை. கிருமி உள்ளே இருந்தும் ஆள் தெம்பாக இருக்கும் இந்த நாட்களில்தான் மனிதர்கள் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். உடம்பு சுடத் தொடங்கியதும் அவர்கள் ஏர்போர்ட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள். ஆகவே கண்டுபிடிக்கும் பொறுப்பும் எங்களுடையதுதான்.

இதை நிரூபிக்க ஒரே ஒரு தேதி போதும்: 2003 மார்ச் 7.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, பிப்ரவரி 21 அன்று, சீனாவின் குவாங்டாங்கிலிருந்து ஒரு மருத்துவர் ஹாங்காங் வந்து மெட்ரோபோல் ஹோட்டலின் ஒன்பதாம் மாடியில் தங்கினார். அவரிடம் இருந்த நோய்க்கு அப்போது பெயர் இல்லை. பின்னால் சார்ஸ் என்றார்கள். அந்த ஹோட்டலில் தங்கியவர்களோடு அது சிங்கப்பூருக்கும் ஹனோய்க்கும் கனடாவுக்கும் போனது. கனடாவில் அதற்கு இரண்டு கிளைகள். டொராண்டோவுக்குத் திரும்பிய மூதாட்டி மார்ச் 5 அன்று வீட்டிலேயே இறந்தார். மாரடைப்பு என்று சான்றிதழ் எழுதப்பட்டது. அவருடைய மகன் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலுமாக மார்ச் 7 அன்று அந்த நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வந்தார். ஸ்கார்பரோ தமிழர்களுக்குத் தெரியாத ஊரல்ல. ஈழத்திலிருந்து போன எத்தனையோ குடும்பங்கள் பிள்ளை பெற்றதும் பெரியவர்களைக் கொண்டு சேர்த்ததும் அந்த வட்டார ஆஸ்பத்திரிகளில்தான். மேலே வார்டில் படுக்கை காலியில்லை. திரைச்சீலை மட்டுமே குறுக்கே தொங்கும் கண்காணிப்பு அறையில் அந்த மகன் இரவு முழுக்கக் கிடந்தார். பக்கத்துப் படுக்கையில் இதயத்துடிப்புக் கோளாறுக்காக வந்திருந்த ஒரு முதியவருக்குத் தொற்றியது. அவர் வீட்டுக்குப் போய், நோயாகி, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கிருந்து அது நர்ஸ்களுக்கும் மற்ற நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்க்க வந்தவர்களுக்கும் பரவியது. டொராண்டோ வட்டாரத்தில் கடைசியில் 44 பேர் இறந்தார்கள்.

அதே மார்ச் 7. நாட்டின் மறுகோடியில், வான்கூவரில், அதே ஹாங்காங் ஹோட்டலில் தங்கிவிட்டு வந்த இன்னொருவர் அதே மாதிரி காய்ச்சலோடு வான்கூவர் பொது மருத்துவமனைக்கு வந்தார். சில நிமிடங்களில் அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போனவர்கள் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டார்கள். அவரிடமிருந்து ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் நோய் பரவவில்லை.

உலக சுகாதார நிறுவனம் உலகத்துக்கு எச்சரிக்கை விட்டது மார்ச் 12 அன்றுதான். அதாவது, இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நோயின் பெயர் தெரியாது. பரிசோதனையும் கிடையாது. வான்கூவரில் மட்டும் ஒரு சின்ன வேலை நடந்திருந்தது: தென்சீனாவிலும் ஹாங்காங்கிலும் விசித்திரமான காய்ச்சல் இருக்கிறது, அங்கிருந்து வருகிறவர்களைக் கவனியுங்கள் என்று அந்த மாகாணத்தின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லி வைத்திருந்தது. சொன்னது அவசரப் பிரிவில் நிற்கிறவரின் காதுவரை போய்ச் சேர்ந்திருந்தது. வான்கூவருக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. நேரே பயணம் செய்தவரே அங்கே வந்தார், டொராண்டோவுக்கு வந்ததோ பயணம் செய்தவரின் மகன். இருந்தாலும், "சமீபத்தில் வீட்டில் யாராவது வெளியூர் போய் வந்தார்களா, யாராவது இறந்தார்களா?" என்ற ஒரு கேள்வி டொராண்டோவில் என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறோம். எங்களில் எத்தனை பேர் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம் என்று அடுத்து நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கேட்டால் மட்டும் போதாது என்பதை டல்லாஸ் காட்டியது. 2014 செப்டம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா கொழுந்துவிட்டு எரிந்தது, அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குச் சுற்றறிக்கைகள் போயிருந்தன. லைபீரியாவிலிருந்து செப்டம்பர் 20 அன்று டல்லாஸ் வந்து சேர்ந்த ஒருவர், 25ஆம் தேதி இரவு காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி என்று ஓர் அவசரப் பிரிவுக்குப் போனார். நர்ஸ் கேட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று கணினியில் பதிந்தும் வைத்தார். காய்ச்சல் 103 டிகிரிவரை ஏறியது. ஆனாலும் சைனஸ் என்று ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 28ஆம் தேதி ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். அக்டோபர் 8 அன்று இறந்தார். அவரைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்கு நோய் தொற்றியது. நல்லவேளையாக இருவரும் பிழைத்தார்கள். அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். அவர் முதலில் வந்த இரவில் வீட்டைவிட ஆபத்தில்லாத இடமாக இருந்திருக்க வேண்டிய ஆஸ்பத்திரி, கடைசியில் வீட்டைவிட ஆபத்தான இடமாயிற்று.

அந்த ஆஸ்பத்திரி முதலில் என்ன சொன்னது தெரியுமா? நர்ஸ் பதிந்தது டாக்டரின் திரையில் தெரியாதபடி மென்பொருளில் கோளாறு என்றது. மறுநாளே, அப்படியொன்றும் இல்லை, டாக்டருக்கும் அது தெரியும்படிதான் இருந்தது என்று திருத்திக்கொண்டது. பின்னால் அதை நடத்தும் நிறுவனத்தின் தலைமை மருத்துவ அதிகாரி நாடாளுமன்றக் குழுவின் முன்னால் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இதைப் படித்துவிட்டு நாங்கள் சிரிக்க முடியாது. 'சிஸ்டம் ஸ்லோ', 'சாஃப்ட்வேர் அப்டேட் ஆகுது' என்பது எங்கள் ஊரிலும் தினப்படிப் பாட்டுதான். எங்களிடம் கணினிகூட வேண்டாம். நர்ஸ் கேஸ் ஷீட்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதுவார், டாக்டர் முதல் பக்கத்தை மட்டும் புரட்டுவார்.

இதில் பேச வெட்கப்படும் இன்னொரு விஷயம் இருக்கிறது. கேஷுவாலிட்டியில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வந்து, "சார், நாலாம் பெட் பேஷன்ட் போன வாரம்தான் காங்கோலேருந்து வந்தாராம், அவர் சம்சாரம் சொன்னாங்க" என்கிறார். "ஏம்மா, டெங்கு சீசன்ல டெங்குவ பாரும்மா, காங்கோவாம்" என்று பதில் வருகிறது. இந்தப் பதில் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று தேட வேண்டாம். எங்கள் எல்லாருடைய வாயிலும் இருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் நிற்பவர் நர்ஸ், சொந்தக்காரர்கள் மனம்விட்டுப் பேசுவதும் அவரிடம்தான். அந்தப் பேச்சைத் தகவலாக எடுத்துக்கொள்ள எங்கள் படிநிலை விடுவதில்லை. டொராண்டோவிலும் இதே கதைதான். முதல் அலை ஓய்ந்தது என்று முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னபோது, வார்டில் இன்னும் சார்ஸ் மாதிரி நோயாளிகள் இருக்கிறார்கள் என்று செவிலியர்கள் சொன்னார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. மே மாதம் இரண்டாம் அலை ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளிருந்தே கிளம்பியது. அந்த நகரத்தில் சார்ஸுக்கு இரண்டு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் பலியானார்கள். நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் பின்னால் நடத்திய விசாரணை இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது.

கொரியாவில் நடந்ததுதான் எங்களை அதிகம் தொந்தரவு செய்கிறது. அங்கே கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் வந்தது. பதில் பட்டியலில் இல்லை. 2015 மே மாதம் மத்திய கிழக்குப் பயணத்திலிருந்து திரும்பிய ஒரு வியாபாரிக்குக் காய்ச்சல். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு இடங்களுக்குப் போனார். கடைசியாகப் பார்த்த ஆஸ்பத்திரிதான் மெர்ஸ் பரிசோதனை கேட்டது. அவர் பஹ்ரைன் போனதாகச் சொன்னார். பஹ்ரைன் மெர்ஸ் நாடுகளின் பட்டியலில் இல்லை என்று அதிகாரிகள் தயங்கினார்கள். மே 20 அன்று நோய் உறுதியானது. அதற்குள் வழியில் அவர் படுத்திருந்த பியோங்டேக் நகர ஆஸ்பத்திரியில் பலருக்குத் தொற்றிவிட்டது.

அவர்களில் ஒருவர் மே 27 அன்று சியோலின் மிகப்பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நெரிசலான அவசரப் பிரிவுக்கு வந்தார். பதினான்காம் நோயாளி என்று கணக்கில் இருப்பவர் அவர். வெளிநாடு போனீர்களா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அதுதான் உண்மையும். அவர் செய்த ஒரே பயணம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு. மூன்றாம் நாள் தனிமைப்படுத்துவதற்குள் அவர் ஒருவரிடமிருந்து 80-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. மொத்தம் 186 பேருக்கு நோய், 38 பேர் சாவு. ஏறக்குறைய எல்லாருக்கும் தொற்றியது ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள்ளேதான்.

'மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது' என்று ஒரு வரி எழுதி நாங்கள் ஆம்புலன்ஸில் ஏற்றும் நோயாளிகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மூன்று நாள் 'வைரல் ஃபீவர்' என்று டிரிப்ஸ் போட்டிருப்போம். பிளேட்லெட் இறங்கும், மூச்சு வாங்கும், பில் கட்டுவதற்கும் குடும்பம் திணறும். ராத்திரியோடு ராத்திரியாக ஜி.எச்.சுக்கு ரெஃபர். எங்களிடம் வருவதற்கு முன்னால் எந்த கிளினிக்கில் படுத்திருந்தார், பக்கத்துப் படுக்கையில் யார் இருந்தார் என்று கேட்டுக்கூட வைத்திருக்க மாட்டோம், எழுதுவது எங்கே? அங்கே வாங்கிக்கொள்ளும் ஹவுஸ் சர்ஜனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல எங்களுக்கு நேரமில்லை. உண்மையைச் சொன்னால் நேரம் இருக்கிறது, விருப்பமில்லை. என்ன செய்தீர்கள், ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்பாரே.

2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது முதல் நோயாளி பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டு, என்ன நோய் என்று தெரியாமலே மே 5 அன்று இறந்தார். அடுத்து அவருடைய சகோதரரும் விழுந்தபிறகே ஒரு தனியார் ஆஸ்பத்திரி மருத்துவர்களுக்குப் பொறி தட்டியது. அவர்களுடைய சந்தேகம் கேரளத்தைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். ஆனால் அந்த முதல் நோயாளி கடந்துபோன வார்டுகளிலும், ஸ்கேனுக்காகக் காத்திருந்த நடைபாதையிலும் பலருக்கு அதற்குள் தொற்றியிருந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். லினிக்காக எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளிலும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஏற்றிய கையோடு எங்கள் நடைபாதைகளைப் போய்ப் பார்த்திருக்கலாம்.

பயணம் என்றால் பாஸ்போர்ட் என்று நினைப்பது எங்கள் மூளையில் ஊறிப்போனது. 2020 மார்ச்சில் தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி ஓமனிலிருந்து வந்தவர். இரண்டாமவர் டெல்லியிலிருந்து ரயிலில் வந்த இளைஞர். வெளிநாட்டுப் பயணம் இருந்தால் சோதி, இல்லையென்றால் தேவையில்லை என்கிற ரீதியில் விதிகள் இருந்த வாரம் அது. அறிகுறியோடு படுத்திருக்கும் தீவிர சுவாச நோயாளிகள் எல்லாரையும் சோதிக்கலாம் என்று ஐ.சி.எம்.ஆர். விதியைத் தளர்த்தியது மார்ச் 20 அன்று. ரயில் பயணிகளை, லாரி டிரைவர்களை, செங்கல் சூளைக்கு வந்தவர்களை நாங்கள் பயணி என்று எண்ணியதே இல்லை.

மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள், கேட்பதற்கு மிகச் சுலபமான, மருந்தும் இருக்கிற நோய். மூளையைத் தாக்கும் ஃபால்சிபாரம் வகை ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கரின் காட்டுப் பகுதிகளில் அதிகம். அங்கிருந்து வந்த தொழிலாளி குளிர்காய்ச்சலில் நடுங்கும்போது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் போதும். அதைச் செய்யாமல் மொழி தெரியாத எரிச்சலில் பாராசிட்டமால் எழுதி அனுப்புகிறோம். அவர் படுக்கிற கட்டிடத்தின் தரைத்தளத்தில் சிமென்ட் குழைக்கத் தேக்கி வைத்த தண்ணீர் இருக்கிறது, கொசுவும் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து அதே தெருவில், எந்த ஊருக்கும் போகாத ஒரு பாட்டிக்கு மலேரியா வந்தால் ஆச்சரியப்படுகிறோம்.

சரி, கேட்டால் சொல்வார்களா? இங்கேதான் எங்கள் இரண்டாவது குற்றம். 2022 ஜூலையில் திருச்சூரில் குரங்கம்மையோடு இறந்த இளைஞருக்கு, நோய் இருப்பது ஊருக்கு வரும் முன்பே அமீரகத்தில் உறுதியாகியிருந்தது. அந்த முடிவு ஆஸ்பத்திரியின் கைக்கு வந்தது அவர் இறந்த நாளில்தான். மறைத்துவிட்டார்கள் என்று அன்றைக்கு எல்லாரும் பேசினோம். ஏன் மறைக்கிறார்கள் என்று பேசவில்லை. கொரோனாவில் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியதையும், சென்னைத் தெருக்களில் தகரம் அடித்ததையும் ஜனங்கள் மறக்கவில்லை. துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவருக்குத் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது, விசா இருக்கிறது, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது. எங்களிடம் உண்மை சொன்னால் இவற்றுக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. சொன்னால் உமக்கு நல்லது என்று நம்பவைக்கும்படி நாங்கள் எதுவும் செய்ததும் இல்லை. கேட்கிற அபூர்வமான நேரத்திலும் போலீஸ் கேட்கிற குரலில் கேட்கிறோம், அதுவும் நாற்பது பேர் நிற்கும் வரிசையில், கவுன்ட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தி.

மறைப்பதில் நாங்கள் ஒன்றும் குறைந்தவர்கள் அல்ல. கொரிய அரசு எந்தெந்த ஆஸ்பத்திரிகளில் மெர்ஸ் இருக்கிறது என்பதை ஜூன் 7 வரை வெளியில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் ஜனங்கள் எதுவும் தெரியாமல் அதே வார்டுகளுக்கு உறவினரைப் பார்க்கப் போய் வந்தார்கள். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு கேஸ் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் மறுநாள் ஓ.பி. பாதியாகிவிடும் என்பது மீட்டிங் அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அதனால் 'சஸ்பெக்ட்' என்ற சொல்லைக் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள் என்ற அறிவுரை வாய்மொழியாக வரும். மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போக வேண்டிய தகவல் லேப் முடிவு வரட்டும் என்று காத்திருக்கும். முடிவு வரும்போது நோயாளி வேறு ஊரில் இருப்பார்.

தனி அறை என்ற பெயரில் எங்களிடம் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டும்போது வரைபடத்தில் ஐசோலேஷன் என்று இருக்கும். அங்கீகாரம் கொடுக்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனபின் பழைய கட்டில்கள், உடைந்த ஐ.வி. ஸ்டாண்டுகள், தீபாவளிக்கு வாங்கிய சீரியல் பல்பு எல்லாம் அங்கே போய்ச் சேரும். சில இடங்களில் அது வி.ஐ.பி. ரூம் ஆகிவிடும்.

சியோலின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் 137ஆம் நோயாளி என்று ஒருவர் உண்டு. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பதால் கண்காணிக்க வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அறிகுறி தொடங்கிய பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் வேலைக்கு வந்து நோயாளிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் துடைப்பவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், வாசல் செக்யூரிட்டி, லாண்டரிக்குத் துணி எடுப்பவர் எல்லாரும் ஏஜென்சி ஆட்கள். காய்ச்சல் என்று ஒரு நாள் வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதால் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். தொற்று நோயாளி ஒருவரோடு தொடர்பில் இருந்தவர்கள் பட்டியல் தயாரிக்கச் சொல்லி ஆர்டர் வரும்போது டாக்டர்களின் பெயர் இனிஷியலோடு இருக்கும், நர்ஸ்களின் பெயர் பணியாளர் எண்ணோடு இருக்கும். கடைசி வரியில் 'ஹவுஸ்கீப்பிங் – 2 பேர்' என்று இருக்கும்.